மூணரைப் படகு

அண்ணன்: குடை கருப்பா, பச்சையா?

அண்ணி: எந்தக் குடை?

அண்ணன்: அதான்மா... கடைசிப் படகை விட்டுட்டு, அந்தத் தகரக் கொட்டகையில விடிய விடிய உக்காந்திருந்தியே. நாலு பேருக்கு ஒரே குடை. அது.

அண்ணி: இருபத்தாறு வருஷம் ஆச்சு. அந்தக் குடைக்கு இப்ப என்னங்க கலரு?

அண்ணன்: பயணக் குறிப்பு எழுதறேன்ல. எழுதறதைச் சரியா எழுதணும்.

அண்ணி: கருப்பு.

தங்கை: என் கல்யாணத்துல பச்சைன்னு சொன்னீங்க அண்ணி. எங்க மாமியார் வீட்டு ஆளுங்க மொத்தமும் சுத்தி உக்காந்து வாயைப் பொளந்து கேட்டாங்களே.

அண்ணி: நீ கம்ப்யூட்டரைப் பாருடி.

அண்ணன்: கரும்பச்சைன்னு போட்டுக்கறேன். யாருக்கும் வருத்தம் வேண்டாம்.

தங்கை: அண்ணா, நீ ரிட்டயர் ஆகிப் பதினஞ்சு நாள்தான் ஆச்சு. அதுக்குள்ள வீட்டையே புரூஃப் பாக்க ஆரம்பிச்சுட்டியா?

அண்ணி: நீ வேற! நேத்து மளிகை லிஸ்ட் எழுதி வச்சேன். சிவப்பு மையில திருத்திக் குடுக்கறாரு. 'உளுந்து ரெண்டு இடத்துல வருது, ஒண்ணை நீக்கவும்'னு ஓரத்துல குறிப்பு வேற.

அண்ணன்: ரெண்டு இடத்துல வந்துதா இல்லையா?

அண்ணி: வந்துது.

அண்ணன்: அப்புறம்?

தங்கை: போதும் போதும். ஞாயித்துக்கிழமை அதுவுமா அங்க துணியை ஊறப்போட்டுட்டு உங்க பாஸ்போர்ட் ஃபார்ம் போட வந்திருக்கேன். பிளானைப் படி. கேட்டுக்கிட்டே வேலை பாக்கறேன்.

அண்ணன்: முதல் நாள். விமானத்தை விட்டு இறங்கறோம். மூச்சு விடறோம்.

தங்கை: அதைக் கூடவா எழுதி வச்சிருக்கே?

அண்ணன்: சாதாரண மூச்சு இல்ல வாண்டு. அங்க கதவைத் திறந்த உடனே ஈரக்காத்து மூஞ்சியில வந்து ஒட்டிக்குமாம். எங்க வழிகாட்டிப் புத்தகம், மூணாம் பக்கம், ரெண்டாவது பாரா. ஒன்பது பதிப்புக்கும் நான்தான் புரூஃப். வரி வரியா மனப்பாடம்.

அண்ணி: மேஜையிலயே அந்த நாட்டைச் சுத்தி வந்த மனுஷன்.

அண்ணன்: அதனாலதானே உன்னைக் கூட்டிக்கிட்டுப் போறேன். நான் படிச்சவன். நீ பாத்தவ.

அண்ணி: அது சரி. மேல படிங்க.

அண்ணன்: அன்னைக்குச் சாயங்காலம் பழைய கடைத்தெரு. ஒரே தெருதான். இந்த முனையில கோவில், நடுவுல மசூதி, அந்த முனையில சர்ச். எதிர்ப்பக்கம் சிவப்புத் தூண் வச்ச இன்னொரு கோவில், அது வேற மதம். பஸ்ல ஏறினா போர்டு நாலு மொழியில இருக்கும். 'நன்றி'ங்கறதை நாலுலயும் கத்துக்கிட்டேன். சொல்லவா?

தங்கை: யாருக்கு எந்த நன்றி சொல்லணும்னு எப்படித் தெரியும்?

அண்ணன்: முகத்தைப் பாத்துக் கண்டுபிடிக்க முடியாதாம். பாதி வீட்டுல அம்மா ஒரு மொழி, அப்பா ஒரு மொழி. மாத்திச் சொன்னாலும் சிரிச்சுக்கிட்டு வாங்கிக்குவாங்களாம்.

தங்கை: நல்ல ஜனங்க. இங்க எங்க ஆபீஸ்ல சரியான மொழியில நன்றி சொன்னாலே என்ன வேணும்னு கேக்கறாங்க.

அண்ணன்: ரெண்டாம் நாள் மலை. தேயிலைத் தோட்டம். சாயங்காலம் நாலு மணிக்கு மழை.

அண்ணி: மழைக்குமா நேரம் குறிச்சிருக்கீங்க?

அண்ணன்: அங்க தினமும் நாலு மணிக்கு மழை பெய்யும்மா. நீயே எங்க பதிப்பகத்துக்குப் போட்ட கடிதத்துல எழுதியிருந்தியே, 'சொல்லிவைத்தாற்போல் நான்கு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது'ன்னு.

அண்ணி: ஆமா... எழுதியிருந்தேன்.

அண்ணன்: மூணாம் நாள்தான் முக்கியம். தீவு. காலையில படகுல போறோம், சுத்திப் பாக்கறோம். மூணரை மணிக்குப் படகுத்துறைக்குத் திரும்பறோம். அப்புறம் ஒரு மணி நேரம் உக்காருதல்.

தங்கை: என்னது?

அண்ணன்: உக்காருதல்.

தங்கை: அது ஒரு புரோகிராமா? அதுவும் மூணரைக்கு மேல எதுக்கு உக்காரணும்? இதோ மேஜை மேலயே உன் புத்தகம் இருக்கு, 84ஆம் பக்கம், கொட்டை எழுத்துல, 'கடைசிப் படகு மாலை 3.30. பயணிகள் கவனிக்கவும்.' நீ உக்காந்துக்கிட்டே இருந்தா படகு போயிடும். மறுபடி அண்ணி கொட்டகையிலதான் படுக்கணும்.

அண்ணன்: அதெல்லாம் நான் பாத்துக்கறேன்.

அண்ணி: ஏங்க... தீவு வேண்டாமே. மலையோட திரும்பிடலாம். கடல் எனக்கு ஒத்துக்காது.

அண்ணன்: அன்னைக்கு ஒத்துக்கிச்சே?

அண்ணி: அப்ப வயசு இருபத்தெட்டு. இப்ப அம்பத்தி நாலு. வயிறு ஒண்ணும் அப்படியே இருக்காது.

தங்கை: நீங்க வயித்தைப் பத்திக் கவலைப்படறீங்களா? அந்தப் பெட்டியைத் திறந்து பாரு அண்ணா. துணி ரெண்டு செட்டு, மிச்சமெல்லாம் மாத்திரை. வாந்திக்கு, பேதிக்கு, பேதி நின்னு போனா அதுக்கு... அங்க போய் மருந்துக்கடை வைக்கப் போறாங்களோ என்னமோ.

அண்ணி: முப்பது வருஷமா கவுண்டர்ல நின்னவ. எனக்குத் தெரியும், எது எப்ப வேணும்னு.

அண்ணன்: வாந்தி மாத்திரை இருக்குல்ல? அப்ப தீவு உண்டு. அந்தக் கொட்டகையில நீ எந்த மூலையில உக்காந்திருந்தே, அந்த நர்ஸம்மா எங்க, முடிவெட்டறவரு எங்க, வாத்தியார் எங்கன்னு எனக்கு நீ காட்டணும். இருபத்தாறு வருஷமா கதையாவே கேக்கறேன். ஒரு தடவை கண்ணால பாத்துடறேனே.

அண்ணி: ...இருக்குமோ இல்லையோ. இடிச்சிருப்பாங்க.

அண்ணன்: பாக்கலாம்.

தங்கை: அண்ணி, உங்க பழைய பாஸ்போர்ட் நம்பர் வேணும். பழசு இருந்தா அது ஒரு வழி, புதுசா எடுக்கறவங்களுக்கு இன்னொரு வழி.

அண்ணி: தொலைஞ்சு போச்சுன்னு அப்பவே சொன்னேனே. வீடு மாத்தும்போது.

தங்கை: எந்த வீடு? கல்யாணமாகி வந்ததிலேருந்து இதே வீடுதானே?

அண்ணி: எங்கம்மா வீட்டுல... வெள்ளையடிக்கும்போது.

தங்கை: மாத்தும்போதா, அடிக்கும்போதா?

அண்ணி: ஏங்க, ஸ்டுடியோவுல போட்டோ பதினோரு மணிக்குத் தர்றேன்னு சொன்னாங்களே. போய் வாங்கிட்டு வந்துடுங்களேன்.

அண்ணன்: இப்பதான் பத்தே முக்கால்.

அண்ணி: நடந்து போறதுக்குள்ள ஆயிடும். வரும்போது காபித்தூளும் வாங்கிட்டு வாங்க. ஒரே இடத்துல எழுதியிருக்கேன், லிஸ்ட் சரியாத்தான் இருக்கு.

அண்ணன்: துரத்தறே.

அண்ணி: ஆமா, துரத்தறேன். கிளம்புங்க.

தங்கை: ...செருப்பு மாட்டியாச்சு. கேட்டு சாத்தியாச்சு. இப்ப சொல்லுங்க. ஏன் மூஞ்சி இப்படி வெளிறிப் போயிருக்கு?

அண்ணி: ஒண்ணுமில்லடி.

தங்கை: அண்ணி, நான் பன்னிரண்டு வயசுல உங்க கிட்ட தலை பின்னிக்கிட்டவ. எங்கிட்டயே ஒண்ணுமில்லையா?

அண்ணி: நான் அங்க போனதே இல்லடி.

தங்கை: எங்க?

அண்ணி: அந்த நாட்டுக்கு. அந்தத் தீவுக்கு. எங்கயுமே. நான் இதுவரைக்கும் விமானத்துல ஏறினதில்ல, படகுல ஏறினதில்ல, பாஸ்போர்ட்டுன்னு ஒண்ணு எடுத்ததே இல்ல.

தங்கை: ...இருங்க. அந்தக் கடிதம்?

அண்ணி: பொய்.

தங்கை: கொட்டகை?

அண்ணி: பொய்.

தங்கை: நர்ஸம்மா? முடிவெட்டறவரு? குடை?

அண்ணி: எல்லாம் பொய்டி! அதான் குடை கலர் மாறிக்கிட்டே இருக்கு!

தங்கை: அய்யய்யோ... எங்க மாமியார் இன்னமும் அந்த நர்ஸம்மா நல்லா இருக்காங்களான்னு கேக்கறாங்க அண்ணி!

அண்ணி: சிரிக்காதடி.

தங்கை: சிரிக்கலை, சிரிக்கலை... சரி, சிரிச்சேன். சொல்லுங்க, ஏன் எழுதினீங்க?

அண்ணி: போகணும்னு அவ்வளவு ஆசை எனக்கு. மருந்துக்கடையில வேலைக்குச் சேர்ந்து அஞ்சு வருஷம், ஒரு நாள் லீவு எடுக்கலை. அந்தப் புத்தகத்தை வாங்கிக் கவுண்டருக்கு அடியில வச்சுக்கிட்டுப் படிப்பேன். எந்தப் பஸ்ஸு, எந்தத் தெரு எல்லாம் குறிச்சு வச்சுட்டேன். எங்க அப்பா, 'பொம்பளைப் பிள்ளை தனியா கடல் தாண்டிப் போறதா'ன்னு ஒரே வார்த்தைதான் சொன்னாரு. முடிஞ்சு போச்சு.

தங்கை: அதுக்குன்னு...

அண்ணி: கேளு. அப்புறமும் படிச்சுக்கிட்டே இருந்தேன். ஒரு நாள் பாத்தா 84ஆம் பக்கத்துல கடைசிப் படகு நாலரைன்னு இருக்கு, 112ல நேர அட்டவணையில மூணரைன்னு இருக்கு. நமக்குத்தான் ரெண்டு மருந்துச் சீட்டை ஒப்பிட்டுப் பாக்கற புத்தியாச்சே. மரியாதையா ஒரு கடிதம் போட்டேன், 'ரெண்டுல எது சரி'ன்னு. பதிலே இல்ல. மூணு மாசம் காத்திருந்தேன். கோவம் வந்துடுச்சு. சும்மா சந்தேகம் கேட்டா எவன் பதில் போடுவான், கஷ்டப்பட்டவ எழுதினாத்தான் போடுவான்னு, பில் புக்கோட பின்பக்கத்துல எழுத ஆரம்பிச்சேன். '84ஆம் பக்கத்தை நம்பி நாலு மணிக்குப் போனேன், படகு போயாச்சு'ன்னு.

தங்கை: அதோட நிறுத்தியிருக்கலாம்ல?

அண்ணி: நிறுத்த முடியலைடி. எழுத எழுத நான் அங்கயே போயிட்டேன். மழை பெய்ஞ்சுது. கொட்டகை வந்துது. ஒவ்வொரு ஆளா வந்து பக்கத்துல உக்காந்தாங்க. நாலு பேரும் நாலு மொழி, ஆளுக்கு ஆள் ஒண்ணுலேருந்து பத்து வரைக்கும் எண்ணக் கத்துக்குடுத்தாங்க. எனக்கு வாழ்க்கையில கிடைச்ச ஒரே டூர் அதுதான். அப்பாவுக்குத் தெரியாம கடை விலாசம் போட்டு அனுப்பினேன். பதிமூணாம் நாள், கவுண்டர்ல நிக்கறாரு உங்க அண்ணன். நனைஞ்ச குடை, கையில தோல் பை. கடிதத்தைப் பத்திக் கேட்டாரு. நான் சொல்லச் சொல்ல, 'மன்னிச்சிடுங்க, தப்பு எங்களுது'ங்கறாரு.

தங்கை: அப்பவே சொல்லியிருக்கலாமே.

அண்ணி: எப்படிச் சொல்ல? அவரு கண்ணு கலங்கிப் போயிருந்துது. 'ராத்திரி பூரா பயந்தீங்களா'ன்னு கேட்டாரு. இருமல் மருந்துக்கு வந்த கிழவர் மருந்தை மறந்துட்டு நின்னு கேக்கறாரு. நானும் சொல்லிக்கிட்டே போனேன். அப்புறம் அவரு அடிக்கடி தலைவலி மாத்திரை வாங்க வந்தாரு... உனக்குத் தெரியாததா.

தங்கை: ஒத்தைத் தலைவலி கூட இல்லாத மனுஷன்.

அண்ணி: கல்யாணப் பந்தல்ல இந்தக் கதையை எல்லாருக்கும் சொன்னாரு. எங்க அப்பா என்னை ஒரு பார்வை பாத்தாரு பாரு! செத்தேன்னு நினைச்சேன். அப்புறம் மெதுவா, 'ஆமா மாப்பிள்ளை, குழந்தை ரொம்பக் கஷ்டப்பட்டுட்டா'ன்னாரு. சாகற வரைக்கும் அதைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை.

தங்கை: அட... மாமா பெரிய மனுஷர்தான்.

அண்ணி: ஒரு காற்புள்ளி விட்டுப் போச்சுன்னா பஸ் பிடிச்சுத் திரும்ப அச்சகத்துக்குப் போற ஆளுடி உங்க அண்ணன். அவரோட கல்யாணமே ஒரு பொய்யில நிக்குதுன்னு தெரிஞ்சா என்ன ஆகும்? எத்தனை தடவை வெளிநாடு போலாம்னாரு! ஒரு தடவை முதுகுவலின்னேன், ஒரு தடவை பையன் பரிட்சைன்னேன். இப்ப ஒண்ணும் மிச்சமில்ல. அங்க போய், 'எந்த மூலை'ன்னு கேட்டா எந்த மூலையை நான் காட்டுவேன்? கொட்டகைன்னு ஒண்ணு இருக்கான்னே தெரியாதே எனக்கு.

தங்கை: சொல்லிடுங்க அண்ணி.

அண்ணி: இருபத்தாறு வருஷம் கழிச்சா? அவரு முகம் எப்படி மாறும்னு நினைச்சாலே... அந்த முகத்தை என்னால பாக்க முடியாதுடி.

தங்கை: சரி, அழாதீங்க. முதல்ல ஃபார்மை முடிப்போம். 'புதுசு'ன்னு போட்டு அனுப்பிடறேன். அண்ணன் கிட்ட, பழைய நம்பர் இல்லைன்னா அப்படித்தான் போடணும்னு சமாளிக்கறேன். அவன் ஏற்கெனவே பாதி ஃபார்ம் போட்டு வச்சிருக்கான், சரிபார்த்து அனுப்பறதுதான் என் வேலை. இதோ... உங்களோடது. பேரு, பிறந்த தேதி, தொழில் மருந்தாளர்... அண்ணி.

அண்ணி: என்ன?

தங்கை: 'இதற்கு முன் பாஸ்போர்ட் பெற்றிருக்கிறீர்களா?'

அண்ணி: ஆமா, அதைத்தானே இப்ப மாத்தணும்னு...

தங்கை: மாத்த வேண்டாம். அண்ணனே 'இல்லை'ன்னு போட்டிருக்கான்.

அண்ணி: கை தவறிப் பட்டிருக்கும்.

தங்கை: அண்ணனுக்கா? கை தவறியா?

அண்ணி: வேற என்ன போட்டிருக்காரு?

தங்கை: கீழ இன்னொரு கேள்வி, 'தொலைந்துபோன பாஸ்போர்ட் ஏதேனும்?' அதுக்கும் இல்லை. 'முன்பு சென்ற நாடுகள்?' கோடு போட்டு விட்டிருக்கான். போன வாரமே போட்டிருக்கான் அண்ணி.

அண்ணி: போன வாரமேவா? தண்ணி குடு.

தங்கை: இந்தாங்க. கேட்டு சத்தம்... வந்தாச்சு.

அண்ணன்: போட்டோவுல நான் மளிகைக்கடை முதலாளி மாதிரி இருக்கேன். நீ மட்டும் எப்படிம்மா அப்படியே... என்ன, ரெண்டு பேரும் திருடினவங்க மாதிரி முழிக்கறீங்க?

தங்கை: நான் காபி போடறேன்.

அண்ணி: எங்கயும் போகாத. இங்கயே இரு.

அண்ணன்: என்ன ஆச்சு?

அண்ணி: என் ஃபார்ம்ல பாஸ்போர்ட் இல்லைன்னு போட்டிருக்கீங்க.

அண்ணன்: அப்படியா?

அண்ணி: ஏன் போட்டீங்க?

அண்ணன்: அரசாங்க ஃபார்ம்ல பொய் எழுதக் கூடாதும்மா.

அண்ணி: ...உங்களுக்குத் தெரியுமா?

அண்ணன்: என்ன?

அண்ணி: விளையாடாதீங்க. நான் அங்க போனதில்லைன்னு... உங்களுக்குத் தெரியுமா?

அண்ணன்: வாண்டு, அந்த நாற்காலியை இப்படிப் போடு. அண்ணி உக்காரட்டும்.

அண்ணி: எனக்கு நாற்காலி வேண்டாம். நான் நின்னுக்கிட்டே சொல்லிடறேன். நான் போனதில்லைங்க. அந்தக் கடிதம் பூரா நானா கட்டினது. உங்க கிட்ட முதல் நாள் சொல்லியிருக்கணும், கல்யாணத்துக்கு முன்னாடியாவது சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். நீங்க மன்னிப்புக் கேட்டு வந்த மனுஷன், 'இது பொய்'ன்னா அப்படியே திரும்பிப் போயிடுவீங்கன்னு பயம். எனக்கு நீங்க போகக் கூடாதுன்னு இருந்துது. அவ்வளவுதான்... திட்டறதுன்னா திட்டிடுங்க.

அண்ணன்: கல்யாணத்துல கருப்புக் குடை. பையன் பிறந்தப்போ எங்க சித்திகிட்ட சிவப்பு. வாண்டு கல்யாணத்துல பச்சை. எங்க மேனேஜர் வீட்டுல ரெண்டு குடை. நான் புரூஃப் பாக்கறவன்மா. பாத்துக்கிட்டே இருந்தேன்.

அண்ணி: அப்படின்னா ரொம்ப நாளாவே...

அண்ணன்: ஒவ்வொரு தடவையும் ஒரு ஆள் கூட வருவாரு. மீன்காரர் எப்ப வந்தாரு தெரியுமா? நம்ம பத்தாவது கல்யாண நாளுக்கு.

தங்கை: மீன்காரரா? எனக்கு மீன்காரரைத் தெரியாதே!

அண்ணன்: நல்ல மனுஷன். அவருதான் எல்லாருக்கும் துண்டு குடுத்தாரு.

அண்ணி: சிரிக்காதீங்க! நான் இங்க உயிர் போய் உயிர் வந்து நிக்கறேன். எப்பத் தெரியும் உங்களுக்கு? அதைச் சொல்லுங்க.

அண்ணன்: கவுண்டர்ல நீ மாத்திரை எண்ணினியே, ஞாபகம் இருக்கா? அந்தக் கொட்டகையில கத்துக்கிட்டதுன்னு, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு அந்த ஊர் மொழியில எண்ணிக் காட்டினே.

அண்ணி: ஆமா. ஒரு அட்டை வைட்டமின் மாத்திரை.

அண்ணன்: ஆறுக்கு அப்புறம் எட்டு சொன்னே. அதுக்கு அப்புறம் ஏழு.

அண்ணி: புத்தகத்துல கடைசிப் பக்கத்துல அப்படித்தானே இருந்துது...

அண்ணன்: இருந்துது. எங்க புத்தகத்துல மட்டும்தான் இருந்துது. ஏழும் எட்டும் இடம் மாறி அச்சாயிடுச்சு. அந்த ஊர்ல பிறந்த எந்த முடிவெட்டறவரும் உனக்கு அப்படிச் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாரும்மா.

தங்கை: அட கடவுளே!

அண்ணி: இருபத்தாறு வருஷமா நான் தப்பாவா எண்ணிக்கிட்டிருக்கேன்? பையனுக்குத் தாலாட்டுக்கே அதைத்தானே பாடினேன்!

அண்ணன்: அவன் இன்னமும் அப்படித்தான் எண்ணறான்.

அண்ணி: சொல்லியிருக்கலாம்ல? முதல் நாளே முகத்துக்கு நேரா சொல்லியிருந்தா இத்தனை வருஷம் நான் இப்படித் திக்குத் திக்குன்னு இருந்திருக்க மாட்டேனே.

அண்ணன்: சொன்னா நீ அப்புறம் அந்தக் கதையைச் சொல்லியிருப்பியா?

அண்ணி: ...மாட்டேன்.

அண்ணன்: அதான். எனக்கு அந்தக் கதை வேணும். நான் அந்த நாட்டைப் பத்தி அறுநூறு பக்கம் படிச்சவன். அதுல எங்கயுமே ஒருத்தருக்கொருத்தர் துண்டு குடுத்துக்கலை. நீ சொல்லித்தான் எனக்கு அங்க மனுஷங்க இருக்காங்கன்னே தெரியும்.

அண்ணி: போங்க...

தங்கை: அண்ணி, அழுங்க, பரவாயில்ல. இது நல்ல அழுகைதான்.

அண்ணி: நீ சும்மா இருடி. ஏங்க, அப்ப எதுக்கு அந்த மூலை, இந்த மூலைன்னு பதினஞ்சு நாளா என்னைப் போட்டு வறுத்தெடுத்தீங்க?

அண்ணன்: நீயா சொல்லுவேன்னு பாத்தேன். ஃபார்மும் உன் கண்ணுல படட்டும்னுதான் வாண்டுகிட்ட குடுத்தேன்.

தங்கை: என்னை வச்சே காரியம் பண்ணியிருக்கே! சரி, எனக்கு இன்னொண்ணு சொல்லு. ரெண்டு பக்கத்துல ரெண்டு நேரம் இருந்துதுல்ல, உண்மையில எதுதான் சரி?

அண்ணன்: காபித்தூள் அந்தப் பையில இருக்கு.

தங்கை: பேச்சை மாத்தாத.

அண்ணன்: ...நாலரை. கடிதம் வந்த அன்னைக்கே மேனேஜர்கிட்ட அனுமதி வாங்கி அந்தப் படகு ஆபீஸுக்கே போன் போட்டேன். 'என்னைக்குமே நாலரைதான்'னு சொன்னாங்க. போன வாரமும் கேட்டேன். இன்னைக்கும் நாலரைதான். கொட்டகையும் இருக்காம். தகரம் இல்ல, ஓடு.

அண்ணி: கொட்டகை இருக்கா!

அண்ணன்: இருக்கு. நாலு பேரு தாராளமா உக்காரலாமாம்.

தங்கை: இரு அண்ணா, இரு. நாலரைன்னா... 84ஆம் பக்கம் சரி. 112தான் தப்பு. தப்பானதைத்தானே திருத்தணும்? இங்க கொட்டை எழுத்துல மூணரைன்னு இருக்கே?

அண்ணி: அதானே? நாலு மணிக்கு வந்திருந்தா நான் ஜம்முனு படகு ஏறியிருக்கலாமே. அது தெரிஞ்சுமா என்கிட்ட மன்னிப்புக் கேட்டு வந்தீங்க? முப்பது வருஷத்துல ஒரு எழுத்துத் தப்ப விடலைன்னு ரிட்டயர் ஆகும்போது மேடை போட்டுப் பேசினாங்களே. அவ்வளவு பேரு கை தட்டினாங்களே. நீங்களும் தலையை ஆட்டிக்கிட்டு உக்காந்திருந்தீங்களே!

அண்ணன்: நான் அன்னைக்கு மன்னிப்புக் கேக்க வரலைம்மா... உன்னைக் கையும் களவுமா பிடிக்கத்தான் வந்தேன். பையில சரியான அட்டவணையை வச்சுக்கிட்டு, 'ஏம்மா, படகு நாலரைக்குத்தான், எதுக்கு இப்படிப் பொய்க் கடிதம் போட்டே'ன்னு நறுக்குன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். நீ கொட்டகையைப் பத்திச் சொல்லிக்கிட்டே மாத்திரையை எண்ணினே, ஆறுக்கு அப்புறம் எட்டுன்னே, பைக்குள்ள விட்ட கை வெளிய வரலை. 'தப்பு எங்களுது'ன்னு என் வாய் சொல்லிடுச்சு. சொன்னது சொன்னதா இருக்கணுமேன்னு நேரா அச்சகத்துக்குப் போய், சரியா இருந்த பக்கத்தை அடிச்சு மூணரைன்னு மாத்திட்டு வந்தேன். அதுக்கப்புறம் வந்த பதிப்புகளை நம்பிப் போறவங்க எல்லாரும் ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து அந்தக் கொட்டகையில உக்காந்திருக்காங்க. நம்ம முறை எப்ப வரும்னு நானும் இருபத்தாறு வருஷமா காத்துக்கிட்டிருக்கேன்.